மனிதமாக்கலும் கல்லறைச் சுவரும்: எம்.எம். தாமஸை இலஞ்சியிலிருந்து வாசித்தல்

கல்லறைச் சுவர் ஒன்றிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊர்ப் பேர் வேண்டாம். தென்காசிப் பக்கத்துக் கிராமம். ஒரே சபை, ஒரே பைபிள், ஒரே ஐயர். (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் சபைக்குள் வந்து உட்கார்ந்த கதையைத் தனியாக எழுதலாம்.) கல்லறைத் தோட்டம் மட்டும் ரெண்டு. நடுவில் இடுப்பளவுச் சுவர். எங்க ஆச்சி சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறாள். அவள் பிறந்த ஊர் அது. இலஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்து, இங்குள்ள வயக்காட்டில் நாத்து நட்டே முதுகு வளைந்தவள். செத்தால் அப்பன் ஆத்தா பக்கத்தில்தான் வைக்கணும் என்று சொல்லியிருந்தாள். வைத்தோம். உயிரோடிருக்கும்போது ஒரு தடவை சொன்னாள்: “ஞானஸ்நானத் தண்ணி எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்ளா. கெணத்துத் தண்ணிதான் ரெண்டு.”

அந்தச் சுவரை எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். ஐயர் கெட்ட மனுசனில்லை. சின்ன வயசு, படித்தவர், எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். மனுவை ரெண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, சுவரை இடிக்கிறது பெரிய காரியமில்லை. மனசு மாறணும். எம்.எம். தாமஸ் என்ன சொல்றார்? சாதி, மதம் எதுவும் முக்கியமில்லை, மனுசன்தான் முக்கியம்னு சொல்றார். ஹியூமனைசேஷன். நீங்க தலித், தலித்துன்னு தனியா நின்னா அது எப்படி மனிதத்தன்மை ஆகும்?”

பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தோம். சாதியைச் சொல்லி விரட்டியிருந்தால் எங்களிடம் பதில் இருந்தது. மனிதன் என்று சொல்லி விரட்டினால் என்ன பதில்?

நான் எம்.ஏ. தமிழ். சங்க இலக்கியமும் தொல்காப்பியமும் படித்தவளுக்கு இங்கிலீஷ் இறையியலோடு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்டார்கள். ஆனால் எங்கள் வாயை அடைக்க ஒரு பேர் பயன்படுகிறது என்றால், அந்தப் பேருக்குரியவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டியது எங்கள் வேலை. இறையியல் படிக்கிற தோழர் ஒருவர் புத்தகங்களைத் தேடிக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இலஞ்சியில் ரெண்டு சாரல் காலம் வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு.

1

எம்.எம். தாமஸ் 1916 மே 15ஆம் தேதி திருவிதாங்கூரில் கோழஞ்சேரியில் பிறந்தவர். இலஞ்சிக்காரர்களுக்கு இது தூர தேசமில்லை. பக்கத்திலிருக்கிற செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருக்கொச்சியோடும்தான் இருந்தது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் புனலூர், அதற்கப்பால் பத்தனம்திட்டை, கோழஞ்சேரி. மலைக்கு அந்தப் பக்கத்து மனுசர் அவர்.

மார்த்தோமா சபையைச் சேர்ந்தவர். கடைசி வரை பாதிரியார் ஆகவில்லை. 1943இல் அவர் இரண்டு விண்ணப்பம் போட்டார். ஒன்று, சபையில் குருப்பட்டம் கேட்டு. இன்னொன்று, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகக் கேட்டு. மார்க்சியம் பேசுகிறார் என்று சபை மறுத்தது. கிறிஸ்தவர் என்று கட்சி மறுத்தது. ரெண்டு பேரும் தள்ளிய அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார்.

சென்னையில் 1901இல் பிறந்த தமிழர் பால் டி. தேவநந்தன் பெங்களூரில் 1957இல் மதம், சமூகம் பற்றிய ஆய்வுக்கென்று ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தைத் தொடங்கினார். 1962இல் தேவநந்தன் இறந்த பிறகு தாமஸ் அதன் இயக்குநரானார். 1966இல் ஜெனீவாவில் நடந்த திருச்சபையும் சமுதாயமும் பற்றிய உலக மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவர். நெருக்கடி நிலையை இந்திரா காந்தி கொண்டு வந்தபோது சபைத் தலைவர்கள் பலர் வாய்மூடி இருந்தார்கள், சிலர் வாழ்த்தினார்கள். தாமஸ் எதிர்த்து எழுதினார். 1990இல் நாகாலாந்து ஆளுநர். 1992இல் முதலமைச்சரின் ஆலோசனைப்படி சட்டமன்றத்தைக் கலைத்தார், மத்திய அரசைக் கேட்கவில்லை என்று பதவி நீக்கப்பட்டார். 1996 டிசம்பர் 3இல் இறந்தார்.

அறவியல் என்று சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது நீதிநூல். பொய் சொல்லாதே, களவு செய்யாதே. தாமஸின் அறவியல் தனி மனிதனின் ஒழுக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அரசு, கட்சி, புரட்சி, சபை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து, இங்கே மனிதன் என்ன ஆகிறான் என்று கேட்பது. அந்தக் கேள்விக்காக அவர் விலையும் கொடுத்தார். இதைச் சொல்லாமல் விமர்சனத்துக்குள் போவது நியாயமில்லை.

2

ஐயர் சொன்ன அந்தச் சொல் 1971இல் வந்த ‘மீட்பும் மனிதமாக்கலும்’ என்ற சின்னப் புத்தகத்தோடு ஒட்டியது. பின்னணி இது. 1968இல் ஸ்வீடனில் உப்சாலா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடியபோது, மனிதனை மனிதனாக்குகிற போராட்டங்களில் பங்கெடுப்பதும் திருச்சபையின் ஊழியம்தான் என்ற கருத்து பலமாக எழுந்தது. ஆன்ம மீட்பைக் கைவிட்டுவிட்டுச் சமூக சேவைக்குப் போகிறார்கள் என்று இன்னொரு கூட்டம் கத்தியது. ரெண்டையும் பிரிக்க முடியாது என்பது தாமஸின் பதில். ஆசிய மக்கள் எழுந்து நிற்பது சோற்றுக்காக மட்டுமில்லை, தாங்களும் ஆள் என்று காட்டுவதற்காக. அந்த எழுச்சிக்குள் கிறிஸ்து வேலை செய்கிறார். அதைக் கண்டுகொண்டு கூடச் சேர்வதுதான் சபையின் வேலை. சுருக்கமாகச் சொன்னால் அவர் வாதம் இதுதான்.

இதற்கு ஒரு மறுபாதி உண்டு. விடுதலை செய்ய வருகிறவன் தன்னை நீதிமான் என்று நம்ப ஆரம்பித்தால் அவனே அடுத்த ஒடுக்குகிறவன் ஆவான். ஆகவே புரட்சிக்குள்ளும் சுயவிமர்சனம் வேண்டும், மன்னிப்பு வேண்டும். இது அவர் விடாமல் சொன்னது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்பு போதும் என்று சொன்னவர் அல்ல அவர். சமூகத்துக்குள் வரும்போது அன்பு நீதியின் வடிவம் எடுத்தாக வேண்டும். நீதிக்குச் சட்டம் வேண்டும், அதிகாரத்தைப் பற்றிய தெளிவு வேண்டும். அதிகாரம் இல்லாதவனிடம் போய் அன்பாக இரு என்று மட்டும் சொல்வது அறம் ஆகாது. நான் வாசித்த தாமஸ் இவர்தான்.

அப்படியென்றால் ‘மனசு மாறணும், சுவர் பெரிசில்லை’ என்று அவர் பேரைச் சொல்லிச் சொன்னது தப்பு. தாமஸை வைத்தே அதை மறுக்கலாம். மனசு மாறுகிறவரை சுவர் இருக்கட்டும் என்பது அவருடைய அறவியல் இல்லை. முதல் சாரல் முடிந்தபோது எனக்கு இந்த மட்டில் சந்தோஷம்தான். மனுவைத் திருத்தி எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. இவ்வளவு தெளிவாகப் பேசியவருடைய சொல்லை ஒருவர் இவ்வளவு சுலபமாக எங்களுக்கு எதிராகத் திருப்ப முடிந்தது எப்படி? திருப்புகிற ஆளிடம் மட்டும்தான் கோளாறா? அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறதா?

3

இருக்கிறது என்று நினைக்கிறேன். அது அவர் மனிதனைத் தேடிப் போன வழியில் இருக்கிறது.

அவருடைய பேர்பெற்ற புத்தகம் 1969இல் வந்தது. ‘இந்திய மறுமலர்ச்சி ஏற்றுக்கொண்ட கிறிஸ்து’ என்று தமிழில் சொல்லலாம். இந்து மதத்துக்குள் அறியப்படாத கிறிஸ்து மறைந்திருக்கிறார் என்று ரெய்மண்ட் பணிக்கர் எழுதினார். அப்படியில்லை, நவீன இந்தியாவின் மறுமலர்ச்சியாளர்கள் அறிந்தே, வெளிப்படையாகவே கிறிஸ்துவோடு பேசியிருக்கிறார்கள் என்று தாமஸ் காட்டினார். நல்ல வாதம். யார் யாரை வைத்துக் காட்டினார்? ராம்மோகன் ராய், கேசவ் சந்திர சென், விவேகானந்தர், ராதாகிருஷ்ணன், காந்தி. இவர்கள்தான் அந்தப் புத்தகத்தின் தூண்கள்.

பட்டியலை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். இந்தியா கண் விழித்தது என்றால் இவர்கள் கண் விழித்ததுதானா? புனேயில் பெண் பிள்ளைகளுக்கும் தீண்டப்படாதவர் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்த ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே விழித்தது மறுமலர்ச்சி இல்லையா? சென்னையில் 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர் விழித்தது என்ன கணக்கு?

புனேயும் சென்னையும் போக வேண்டாம். தாமஸ் பிறந்த கோழஞ்சேரிக்குக் கொஞ்ச தூரத்தில் இரவிபேரூர். அங்கே 1879இல் அடிமைச் சாதியில் பிறந்தவர் பொய்கையில் யோகன்னான். மக்கள் பொய்கையில் அப்பச்சன் என்று கூப்பிட்டார்கள். கிறிஸ்தவரானார். அவர் சேர்ந்த சபைகளில் ஒன்று இதே மார்த்தோமா சபை. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் புலையனும் பறையனும் புலையனாகவும் பறையனாகவுமே சபைக்குள் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு வெளியே வந்தார். பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று சொந்தமாக ஒன்றைக் கட்டினார். யாரும் எழுதி வைக்காத அடிமைகளின் கதையைப் பாட்டாகப் பாடினார். சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக உட்கார்ந்து நிலமும் படிப்பும் கேட்டார். 1939இல் இறந்தார். அப்போது தாமஸுக்கு வயசு இருபத்துமூன்று.

மனிதனை மனிதனாக்குவது என்றால் என்ன என்று சொந்த உடம்பால் கேட்ட ஒருத்தர் பக்கத்து ஊரில் இருந்தார். கல்கத்தா வரை போய்க் கிறிஸ்துவைத் தேடிய புத்தகம் இரவிபேரூருக்குப் போகவில்லை. இதை நான் தனி மனிதக் குற்றமாகச் சொல்லவில்லை. சிரியன் கிறிஸ்தவச் சமூகம் தன்னை எந்த வரிசையில் வைத்துப் பார்த்ததோ, அந்த வரிசையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது ராம்மோகன் ராய்தான். அப்பச்சன் தெரிய மாட்டார். எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் நிற்கிற இடத்திலிருந்துதான் பார்க்கும்.

4

இரண்டாவது இடம் ஞானஸ்நானம். இதில் அவருக்கும் லெஸ்லி நியூபிகினுக்கும் ஒரு விவாதம் நடந்தது. நியூபிகின் மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்தவர், நம் ஊர் அறிந்தவர். தாமஸ் சொன்னது இது: இந்தியாவில் ஞானஸ்நானம் என்பது ஒரு சமுதாயத்தை விட்டு இன்னொரு சமுதாயத்துக்குப் போகிற சடங்காகிவிட்டது. கிறிஸ்துவை ஏற்கிறவன் தன் சமுதாயத்தை விட்டுப் போகத்தான் வேண்டுமா? இந்துச் சமுதாயத்துக்குள்ளேயே இருந்துகொண்டு கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஒரு கூட்டுறவு சாத்தியம்தானே? கண்ணுக்குத் தெரிகிற ஒரு சமூகம் இல்லாமல் அது எப்படி நிற்கும் என்று நியூபிகின் கேட்டார்.

ரெண்டு பேரும் பெரியவர்கள். ஆனால் இந்த விவாதத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு படம்தான் கண்ணில் வருகிறது. படித்த, வீடு வாசல் உள்ள ஒரு சாதி இந்து கையில் பைபிளோடு யோசித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குத்தான் விட்டுப்போக ஒரு சமுதாயம் இருக்கிறது. சொத்து, உறவு, கோயில் மரியாதை எல்லாம் போகும். எங்க ஆச்சியின் அப்பனுக்கு விட்டுப்போக என்ன இருந்தது? சேரியும் தனிக் கிணறும். ‘உன் சமுதாயத்துக்குள்ளேயே இரு’ என்ற சொல் சாதி இந்துவுக்குச் சலுகை. சேரிக்காரனுக்குத் தண்டனை. ஒரே சொல் ரெண்டு தெருவில் ரெண்டு பொருள் தருகிறது.

இது ஏட்டுச் சந்தேகம் இல்லை. எங்கள் தென்காசிப் பக்கத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1981 பிப்ரவரி 19ஆம் தேதி மீனாட்சிபுரத்தில் கிட்டத்தட்ட 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். ஊர் ரஹ்மத் நகர் ஆனது. இலஞ்சியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், வாஜ்பாய் வந்தார். அரபு நாட்டுப் பணம் என்றார்கள். அந்த ஊர் ஆட்கள் சொன்னது வேறு. நேற்றுவரை ‘ஏலே’ என்றவன் இன்று ‘பாய்’ என்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு விளிச்சொல்லுக்காக ஒரு ஊரே பேரை மாற்றிக்கொண்டது.

தாமஸின் வார்த்தையில் சொன்னால் இதுதான் மனிதமாக்கல். ஆள் என்று காட்டுவதற்கான எழுச்சி. ஆனால் அந்த மக்கள் மனிதன் ஆவதற்கு ஒரு சமுதாயத்தை விட்டு வெளியேறத்தான் வேண்டியிருந்தது. தாமஸ் தடையாகப் பார்த்த அந்த ‘சமுதாய மாற்றம்’தான் அவர்களுக்கு வழியாக இருந்தது.

அவர்கள் சபைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சீமை தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் தாய்வீடு என்று பெருமை பேசுகிறோம். பக்கத்திலேயே நூறு வருசத்துக்கு மேற்பட்ட கோவில்கள் மணி அடித்துக்கொண்டிருந்தன. மணி அடிக்கிற கோவிலுக்குள்ளேயும் ‘ஏலே’ இருந்தது. கல்லறைச் சுவர் வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அரசு கையில் இன்னொரு சுவர் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கும் தலித் இஸ்லாமியருக்கும் கதவு சாத்தியே இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அரசு சொல்கிறது: நீ கிறிஸ்தவன், ஆகவே தலித் இல்லை. சபை சொல்கிறது: நீ தலித், ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம். ஐயர் சொல்கிறார்: நீ மனிதன், ஆகவே தலித் என்று சொல்லாதே. மூன்று பேரும் எங்களுக்கே பேர் வைக்கிறார்கள்.

5

அதே 1981இல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஒரு உரை நிகழ்த்தினார். சூத்திர இறையியலை நோக்கி என்பது தலைப்பு. தலித் இறையியல் அங்கிருந்து கிளம்பியது. பிறகு சென்னை குருகுல் லூத்தரன் கல்லூரியில் அவர் அதைத் துறையாகவே வளர்த்தார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் இதுவரை பார்ப்பன மரபோடுதான் பேசியிருக்கிறது, சபையில் பெரும்பான்மையான தலித் மக்களோடு பேசவில்லை என்றார். பொதுவான மனிதனிலிருந்து தொடங்காதே, பட்ட வலியிலிருந்து தொடங்கு என்றார். இயேசுவையே தலித் என்றார். தாமஸின் ‘மனிதன்’ என்ற சொல்லில் இருந்த ஓட்டைக்கு இது நேர்ப்பதில். பிற்காலத்தில் தாமஸும் தலித், பழங்குடி, மீனவர் இயக்கங்களின் பக்கம் கூடுதலாகத் திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பதில் மதுரையிலிருந்து வந்தது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன். 1940இல் பிறந்து 2005இல் இறந்தார். அவர் இறையியலை இங்கிலீஷ் புத்தகமாக மட்டும் எழுதவில்லை. கிராமத்து மெட்டில் பாட்டாகப் போட்டார். பறையைக் கோவிலுக்குள் கொண்டுவந்தார். பிதாவே என்று கூப்பிடாமல் பெத்தவரே என்று கூப்பிட்டார். அதில் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. அவருடைய அறவியலின் நடுவில் இருப்பது ஒரே உலை. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. திருவிருந்து என்றால் அதுதான். எங்க ஆச்சிக்கு ஹியூமனைசேஷன் புரியாது. ஒரே உலை என்றால் உடனே புரியும். யார் வீட்டு உலையில் கை வைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதுதான் அவளுக்குச் சாதி.

அப்பாவுவிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரே உலை சரி, அண்ணே. உலை வைக்கிறது யாரு? எங்கள் இயக்கக் கூட்டங்களில் ஆண்கள் ஒரே உலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் அரிசி களைகிறவர்கள் நாங்கள்தான். மேடையில் ஒரு பெண் பேர் இருந்தால் அதுவே போதும் என்று நினைக்கிற தோழர்களை எனக்குத் தெரியும்.

தாமஸின் மறுபாதி எனக்குத் திரும்ப வேண்டியிருப்பது இங்கேதான். விடுதலை கேட்கிறவனும் தன்னை நீதிமான் என்று நம்பினால் அடுத்த சுவரைக் கட்டுவான். அந்தக் கண்ணாடியை நமக்கு நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அது ரெண்டு பக்கமும் பிடிக்கிற கண்ணாடி. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களை மட்டும் கூப்பிட்டு ‘நீங்கள் தனியாக நிற்கிறீர்களே’ என்று கேட்பது சுயவிமர்சனம் இல்லை. தனியாக நிற்க வைத்தது சுவர். அதைக் கட்டியது நாங்கள் இல்லை.

6

இரண்டாம் சாரல் முடிந்து மனுவைத் திருப்பி எழுதினோம். தலைப்பிலேயே மனிதமாக்கல் என்ற சொல்லைப் போட்டோம். தலித் என்ற சொல்லையும் எடுக்கவில்லை. ரெண்டும் ஒரே மனுவில் இருக்க முடியும் என்பதுதான் நாங்கள் வாசித்துக் கண்டது. தலித் என்று சொல்வது மனிதனிலிருந்து பிரிந்து நிற்க அல்ல. எந்த மனிதன் இன்னும் மனிதனாக எண்ணப்படவில்லை என்று அடையாளம் காட்ட. அடையாளம் காட்டாமல் ‘எல்லாரும் மனிதர்’ என்று சொன்னால், ஏற்கனவே மனிதராக எண்ணப்பட்டவர்கள்தான் அதில் மிஞ்சுவார்கள்.

ஐயர் இந்தத் தடவையும் டீ கொடுத்தார். நெடுநேரம் படித்தார். “சேகரக் கமிட்டியில வைக்கிறேன்க்கா. ஆனா பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றார். “அவங்க ஒத்துக்கிறது இருக்கட்டும். நீங்க எந்தப் பக்கம் ஐயா?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவருக்கும் வேலை இருக்கிறது, மாறுதல் இருக்கிறது, பிள்ளை படிப்பு இருக்கிறது. எனக்குப் புரிகிறது. ஆனால் தாமஸ் பேரை அவர் இந்தத் தடவை எடுக்கவில்லை.

சுவர் இன்னும் நிற்கிறது. எங்க ஆச்சி இன்னும் இந்தப் பக்கம்தான் கிடக்கிறாள். நாங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கும் போவோம். இதை வாசிக்கிறவர்களின் ஊரிலும் இப்படிச் சுவர் இருக்கும். கல்லறையில் இல்லாவிட்டால் பெஞ்சு வரிசையில் இருக்கும், திருவிருந்துக் கிண்ணம் வருகிற வரிசையில் இருக்கும். அதைப் பற்றி எழுதுங்கள். யார் பேரைச் சொல்லி அந்தச் சுவரைக் காப்பாற்றுகிறார்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பேர்களையும் வாசித்துப் பார்ப்போம்.